கரண்ட் வந்ததும் மாறிய எண்

அம்சவல்லிக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கே என்ன தப்பு நடந்தாலும் முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது தடுக்கி விழுந்தால்கூட, தன் பை நீட்டிக்கொண்டிருந்ததோ என்று குனிந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு ஆபீஸே சேர்ந்து "நீதான் செய்தாய்" என்றால் அவள் என்னதான் செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிற ஒரு தாலுகா ஆபீஸில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எட்டு வருஷமாக ஒப்பந்த வேலை. நிரந்தரம் ஆகும், ஆகும் என்று சொல்லி இரண்டு ஆட்சி மாறிவிட்டது. இரண்டு கட்சியும் ஏழைக்கு நிலம் என்று பேசின, இவளுக்கு ஒரு நாற்காலியை நிச்சயமாகத் தர யாருக்கும் தோன்றவில்லை. வயது முப்பத்தேழு. குத்தாலத்தில் வாழப் போய் இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அப்பன் வேம்பு செத்த பிறகு பிறந்த தெருவுக்குப் போவதும் குறைந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கமருன்னிஸா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கமருன்னிஸாவின் பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். கீழே ஒரு பொம்பளை தனியாக, மேலே ஒரு பொம்பளை தனியாக. இரண்டு அடுப்பு எரியும், பேச்சு மட்டும் மாடிப்படியில் நாலு வார்த்தையோடு முடிந்துவிடும்.

ஆபீஸில் அவள் இருப்பது கடைசி அறை. அங்கே ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு பிரிண்டர், வாய்க்கால் பக்கம் ஒரு ஜன்னல். டீ வரும்போது அவள் டம்ளரை அவளே கொண்டுபோவாள், கழுவி அவளே எடுத்து வருவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. கூலித் தெருவிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் வேலைக்கு வந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்த வருஷம் புரட்டாசியில் மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வந்தது. கரண்ட் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் போனது. ஆனால் அவள் தெருவுக்கு அது நல்ல வருஷம். உச்சவரம்புக்கு மேல் இருந்த மேலப்பண்ணை நிலத்தை இருபத்துமூன்று கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது எழுபதுகளில். மிராசுதார் பஞ்சநதம் கோர்ட்டுக்குப் போனார். அவர் செத்தார், அவர் மகன் செத்தார், வழக்கு மட்டும் சாகாமல் கிடந்தது. அந்த ஆவணியில்தான் தீர்ப்பாகி, பட்டாவைப் பேர் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. இருபத்துமூன்று பேரையும் ஒவ்வொன்றாகத் தட்டெழுதி ஏற்றியவள் அம்சவல்லி. பத்தொன்பதாவது பேர் அவளுடையது. அம்சவல்லி, தகப்பனார் பெயர் வேம்பு, நன்செய், முக்கால் ஏக்கர். அதை அடித்து முடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதே வாரம் மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. நிலப் பதிவுகள் இருக்கும் பெரிய மெஷினை மாற்றிவிட்டார்களாம். புது மெஷினின் எண்ணை ஒவ்வொரு தாலுகாவும் தன் சர்வரில் ஹோஸ்ட்ஸ் என்கிற கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு வேறொன்றுமில்லை, முகவரிக் குறிப்பு மாதிரி. 'நிலம்' என்று கூப்பிட்டால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவள் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை எழுதினாள். அதே கையோடு இருபத்துமூன்று பேரையும் ஏற்றியது புது மெஷினில்தான். பழைய மெஷினை யாரும் நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு மாவட்ட ஆபீஸின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இன்னமும் மேலப்பண்ணை பஞ்சநதம்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர்.

கோளாறு தெரிந்தது செவ்வாய்க்கிழமை காலை. பெரியப்பா மகன் வீரையன் வந்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன், ஐம்பது வயது, மெதுவாகப் பேசத் தெரியாதவன். அவன் கையில் ஒரு ஜெராக்ஸ்.

"அம்சா, இது யாரு போட்ட கையெழுத்து?"

சிட்டா நகல். முந்தின நாள் தேதி. ஆபீஸ் முத்திரை. மூலையில் அவளுடைய சுருக்கொப்பம். நில உரிமையாளர் என்ற இடத்தில் பஞ்சநதம்.

அவளுக்கு நினைவு வந்தது. திங்கள் மத்தியானம், கரண்ட் வந்த கையோடு, ஒரு வக்கீல் குமாஸ்தா புல எண்ணை எழுதிக் கொடுத்து நகல் கேட்டார். வெளியே நாற்பது பேர் வரிசையில். பேரைப் படித்துப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து மூலையில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள்.

"மிராசு பேரன் இதை வச்சு ஆர்டிஓகிட்ட போயிருக்கான். பட்டாவே மாறலை, நிலம் இன்னும் எங்க பேர்லதான் இருக்கு, யாரும் நடவு நடக்கூடாதுன்னு தடை கேக்குறான். வெள்ளிக்கிழமை விசாரணை. நாத்து முப்பது நாளாச்சு, தெரியுமா உனக்கு?"

"அண்ணே, நான்தானே ஏத்துனேன் எல்லாத்தையும். இருங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்."

எடுத்தாள். பஞ்சநதம் என்றுதான் வந்தது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே பழைய எண். புதியதை எழுதினாள், மறுபடி எடுத்தாள். இருபத்துமூன்று பேரும் வரிசையாக வந்தார்கள்.

வீரையன் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஒரே மெஷினு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு பேரு, இப்ப ஒரு பேரு. நல்லாயிருக்குடி உன் வித்தை."

"யாரோ மாத்திட்டாங்கண்ணே."

"யாரோ! இந்த ரூமுக்குள்ள உன்னைத் தவிர யாரு இருக்கா? தெருவுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? டவுனுக்குப் போனவ விலை போயிட்டாங்குறாங்க." சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயிலிருந்து போன சொல்லைத் துண்டு போட்டா பிடிக்க முடியும்?

தாசில்தார் கூப்பிட்டார். ஆறு மாதம் முன்பு மாறுதலில் வந்த அம்மாள், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். பக்கத்தில் தலைமை எழுத்தர் இராஜாங்கம், வெற்றிலை மென்றபடி. விஷயம் இதுதான்: வெள்ளிக்கிழமை ஆர்டிஓ, அதாவது கோட்டாட்சியர் முன்னால், எது சரியான நகல், பொய்யான நகல் எப்படி வெளியே போனது என்று தாசில்தார் எழுத்தில் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட அவர் தயாராயில்லை. காரணம் சொல்லாவிட்டால், பதிவு சரிபார்ப்பில் உள்ளது என்று எழுத வேண்டிவரும். அப்படி எழுதினால் தடை உத்தரவு நிச்சயம். நாற்று முற்றிப்போகும். இருபத்துமூன்று குடும்பமும் நாற்பது வருஷம் காத்திருந்து, கைக்கு வந்த வயலில் கால் வைக்காமல் ஒரு போகத்தை இழக்க வேண்டும். மறுபடி ஒரு வழக்கு, மறுபடி எத்தனை வருஷமோ.

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காரணம் வேணும், அம்சவல்லி."

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "மேடம், மாவட்டத்துல தினமும் எடுத்து வைக்கிற நகல்ல அந்தக் கோப்போட தேதியைப் பார்க்கச் சொன்னேன். காலையில இந்தப் பொண்ணு கை வைக்கிறதுக்கு முன்னாடி எட்டு வருஷத்துக்கு முந்தின தேதிதான் இருந்துச்சாம். இது அதைத் தொடவே இல்லை. புது எண்ணைப் போடாமயே போட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கு."

தொடவே இல்லையா! எழுதிய எண்ணை இரண்டு தரம் சரிபார்த்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. சொன்னேனே, தன் கையை முதலில் பார்க்கிற பழக்கம் என்று. அறைக்குத் திரும்பி வந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சோற்று டப்பாவைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சர்வருக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ்ஸின் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷினை ஏற்றி முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தாள். பழைய எண். தேதி, எட்டு வருஷத்துக்கு முந்தையது. காலையில் அவள் எழுதிய எழுத்து இருந்த சுவடே இல்லை.

அவள் பைத்தியக்காரி இல்லை. அந்த மட்டுக்கும் ஒரு நிம்மதி. யாரோ செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் அம்சவல்லி தப்பு செய்தாள். டெல்டாவில் பிறந்தவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. முறைத் தண்ணீர் வயலுக்கு வரவில்லை என்றால் நம் ஆட்கள் வாய்க்காலில் மண் சரிந்ததா என்று பார்க்க மாட்டார்கள். வரப்பை வெட்டியவன் எவன் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படி வெட்டுப்பட்டுக் கிடந்ததால் வந்த புத்தி அது. அவளுக்கும் எந்த விசை இதைச் செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எந்தக் கை என்றுதான் தோன்றியது. அந்தக் கை யாருடையது என்பதும் உடனே தெரிந்துவிட்டது. கரண்ட் போனால் ஆபீஸே வெந்துபோகும். வாய்க்கால் காற்று வருவது அந்தக் கடைசி அறை ஜன்னலில் மட்டும்தான். அவள் வாசல் வேப்பமரத்தடிக்குப் போனதும் அந்த ஜன்னலோரம் வந்து உட்காருகிறவர் இராஜாங்கம். கரண்ட் வந்து அவள் திரும்புவதற்குள் மெஷினை ஏற்றி, மாற்றி, அணைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மேலப்பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர். வேறென்ன சாட்சி வேண்டும்?

யார் யார் மெஷினுக்குள் நுழைந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அம்சவல்லி, அம்சவல்லி, அம்சவல்லி. வேறு பேரே இல்லை. குறித்த நேரத்துக்குத் தானாக ஓடுகிற வேலைகளின் பட்டியலையும் பார்த்தாள். அதிலும் ஒன்றுமில்லை. சரி, கெட்டிக்காரர், தடயத்தை அழித்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள். அறுபது சொல்லைத் தட்டெழுத அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிற மனிதரைப் பற்றி!

மேலப்பண்ணையில் தண்ணீர் காவலுக்கு இருந்தபோது அவள் அப்பன் வேம்பு ஒரு வேலை செய்வான். வரப்பு அடிக்கடி வெட்டுப்படுகிற இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுப் போய்விடுவான். விடிந்து வந்து பார்த்தால் காலடி சொல்லும். புதன்கிழமை காலை அவள் கடைத்தெருவில் ஒரு பாக்கெட் கோலமாவு வாங்கினாள். கோப்பைத் திருத்தினாள். பதினொன்றரைக்குக் கரண்ட் போனதும், வாசற்படியிலிருந்து மெஷின் வரைக்கும் மாவைத் தூவிவிட்டுப் பின்வாங்கி நடந்து வெளியே வந்தாள். எதிரே இராஜாங்கம், கையில் விசிறி.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏம்மா, மார்கழி இன்னும் வரலையே, அதுக்குள்ள கோலமா?"

அவள் மாவுப் பாக்கெட்டை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என்னைப் பிடிக்கத்தானே?" அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருஷ சர்வீஸ்மா எனக்கு. மிராசு வீட்டுல சாப்பிட்டிருக்கேன், இல்லேங்கலை. ஆனா உன் மெஷினை எந்தப் பக்கம் தட்டினா ஏறும்னு எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சா நான் ஏன் காத்துக்காக அங்க வந்து உக்கார்றேன்?" திரும்பி நடந்துவிட்டார். அன்றைக்கு அவர் வேப்பமரத்தடிக்குப் போனார். அவள் போக இடமில்லாமல் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆபீஸே அவள் போட்ட கோலத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தது. ஒவ்வொரு சிரிப்பும் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. தெருவில் அவள் விலைபோனவள், ஆபீஸில் அவள் அடுத்தவன் மேல் பழி போடுகிறவள். உட்கார்ந்து அழ ஒரு பக்கம்கூட மிச்சம் இல்லை.

ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது. மாவு தூவினது தூவினபடி கிடந்தது. ஒரு காலடி இல்லை, பல்லி ஓடிய தடம்கூட இல்லை. மாவை மிதித்துக்கொண்டு போய் மெஷினை ஏற்றினாள். கோப்பைத் திறந்தாள்.

பழைய எண்.

ஐயோ, அந்த மனுஷனை என்ன பாடு படுத்திவிட்டோம் என்பதுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. ஆள் வரவில்லை. ஆனால் வேலை நடந்திருக்கிறது. அப்படியென்றால் இவ்வளவு நேரம் தேடியது தப்பான இடம்.

அம்சவல்லிக்குப் படிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மன்னார்குடியில் ஒரு வருஷ டிப்ளமோ. மீதியெல்லாம் அந்த அறையில் யூனுஸ் சொல்லிக் கொடுத்தது. அவளுக்கு முன்னால் அங்கே இருந்த ஆபரேட்டர். ஒரு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். அந்த ஆபீஸில் தன் பிளாஸ்க்கிலிருந்து அவள் டம்ளரில் டீ ஊற்றி, மீதியைத் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்த ஒரே ஆள். அப்புறம் சவுதியில் தம்மாமுக்குப் போய்விட்டார். போன புதிதில் இரண்டு தரம் போன் வந்தது. பிறகு அவருக்குக் குடும்பம், இவளுக்கு என்ன இருக்கிறது, பேசுவதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று இப்போது நினைவுக்கு வந்தது. கோப்பு தன் மேல் காட்டுகிற தேதி, அதில் எழுதினவர்கள் வைத்துவிட்டுப் போகிற தேதி. பழைய நகலைத் தேதியோடு அப்படியே தூக்கி வைத்தால் பழைய தேதியே இருக்கும். ஆனால் அது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த நேரத்தை மெஷின் தனியாகக் குறித்து வைத்திருக்கும். அதைக் கேட்டால்தான் சொல்லும்.

கேட்டாள். ஒன்று முப்பத்திநாலு என்றது. மெஷின் ஏறியது எப்போது என்று கேட்டாள். ஒன்று முப்பத்திமூன்று.

கரண்ட் இல்லாத நேரத்தில் யாரும் வந்து செய்ததல்ல, மெஷின் ஏறிய மறு நிமிஷத்தில் நடந்தது! மெஷின் கண் விழிக்கும்போதெல்லாம் அதுவேதான் பழைய நகலை எடுத்து வைத்துக்கொள்கிறது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு நாளும் வைத்திருக்கிறது. எண் மாறாமல் இருந்தவரைக்கும் பழையதும் புதியதும் ஒன்றுதான், யாருக்கும் தெரியவில்லை.

கோப்பில் புது எண்ணை எழுதி, யாராலும், எதனாலும் அதில் எழுத முடியாதபடி பூட்டினாள். அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு விட்டிருந்தாலும் எண் இனி மாறாது. ஆனால் தாசில்தார் கேட்டது காரணம். வேண்டுமென்றே மெஷினை நிறுத்தி மறுபடி ஏற்றினாள். திரையில் வரிகள் ஓடின. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எழுந்து முடிந்து, பேரையும் கடவுச்சொல்லையும் கேட்பதற்குச் சற்று முன்னால், ஒரு முணுமுணுப்பு: ஹோஸ்ட்ஸ் கோப்பில் நகல் வைக்க முடியவில்லை, அனுமதி இல்லை.

மெஷின் ஏறுகிறபோது கடைசியாகப் படிக்கிற கோப்பு எது என்று அவளுக்குத் தெரியும். திறந்தாள். அதன் கடைசி வரி, வேறொரு சிறு நிரலைக் கூப்பிட்டது. அது இருந்த இடம் யூனுஸின் பழைய அறை, மெஷினுக்குள் அவர் பேரில் இருந்து யாரும் காலி செய்யாத அறை. சாதாரணமாகப் பட்டியலிட்டால் தெரியாதபடி பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து மறைத்திருந்தார்.

யூனுஸ் பாயா? மிராசுக்காகவா? எட்டு வருஷம் முன்னாடியேவா?

திறந்தாள். நகலெடுக்கிற வரி ஒன்றே ஒன்று. அதற்கு மேலே, மெஷின் படிக்காத, மனுஷன் மட்டும் படிக்கிற குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ்:

'அம்சா புதுசு. தெரியாம இதை அழிச்சிடுது. மெஷின் ஏறும்போது பழையதை இது திரும்ப வச்சிடும். புள்ளைகிட்ட சொல்ல வேண்டாம். பயந்துக்கும்.'

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அந்தக் கோப்பை இரண்டு தரம் தெரியாமல் அழித்தாள். முழு ஆபீஸும் நின்றது. அப்போதிருந்த தாசில்தார், வரிசையில் நின்ற ஜனங்களுக்கு முன்னால், எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று கேட்டார். பேரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்டார். அன்றைக்கு அவள் ஜன்னலோரம் திரும்பி நின்று அழுதாள். மூன்றாவது தரமும் அழித்திருக்கிறாள் போலிருக்கிறது. நாலாவது தரமும்கூட இருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் எல்லாம் சரியாக இருந்தது. தனக்கு வேலை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோலமாவு அப்பிய காலோடு அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. எட்டு வருஷம் தினமும் காலையில் தனக்காக ஒருவர் எழுந்து ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார், தான் மட்டும் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம் என்று இருந்தது. அதே வேலைதான் இருபத்துமூன்று குடும்பத்தின் பேரை மறைத்திருக்கிறது. யாரை நோவாள்?

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக இராஜாங்கத்திடம் போனாள். "தப்பா நினைச்சுட்டேன் சார். மன்னிச்சிருங்க." கண்டுபிடித்ததைச் சொன்னாள். குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. நகலெடுக்கிற வரியை மட்டும் சொன்னாள்.

அவர் மனம் இளகத்தான் செய்தது. நல்லெண்ணத்தில் ஒரு யோசனையும் சொன்னார். அந்த மாதிரி நல்லெண்ணத்துக்குப் பயப்பட வேண்டும். "யூனுஸ் இருந்த காலத்துல வச்சதுதானே? அவன் பேரை எழுதிடு. அந்தப் பாய் மிராசுகிட்ட வாங்கிக்கிட்டு வச்சுட்டுப் போயிட்டான்னு எழுது. ஊர்லயே இல்லாத ஆளு, அவனுக்கு என்ன ஆகப்போகுது? உன் தலை தப்பிச்சிரும். உன் தெருக்காரங்களும் நம்புவாங்க."

நம்புவார்கள். அதுதான் அவளைச் சுட்டது. எந்தக் கை வெட்டியது என்று கேட்டுக்கொண்டிருக்கிற ஊருக்கு ஒரு கை கிடைத்துவிடும். ஊரில் இல்லாத கை, துலுக்க வீட்டுக் கை, சௌகரியமான கை. நேற்று இராஜாங்கத்தின் மேல் அவளே அப்படித்தான் மாவைத் தூவினாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தாசில்தாரிடம் கடிதம் கொடுத்தாள். அவர் படித்தார். 'நான் பணியில் சேர்ந்த புதிதில் என் கைப்பிழையிலிருந்து கோப்பைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, மெஷின் ஏறும்போதெல்லாம் பழைய எண்ணைத் திரும்ப வைத்துள்ளது. எண் மாறியபோது அதைத் தேடி எடுக்காததும், நகலைப் படிக்காமல் கையொப்பமிட்டதும் என் பிழை. புதிய பதிவே சரியானது.' கீழே நேரங்கள், ஒன்று முப்பத்திமூன்று, ஒன்று முப்பத்திநாலு எல்லாம் வரிசையாக.

"இது போதும், நான் சான்று கொடுத்துடுவேன்" என்றார் தாசில்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா இப்படி எழுதினா எல்லாம் உங்க தலையிலதான் விழும். இந்த ஏற்பாட்டை யார் செஞ்சது?"

"எனக்காகச் செஞ்சது மேடம். அப்ப என் பொறுப்புதான்."

தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைக் கோப்பில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் அந்தக் காகிதம் நின்றது. மிராசு பேரனின் மனு தள்ளுபடி. சனிக்கிழமை வீரையன் கமருன்னிஸா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, மாடிக்கு வராமல் கீழேயிருந்தே கூப்பிட்டான்.

"தண்ணி வந்துருச்சு. திங்கக்கிழமை நடவு. உன் வயலுக்கும் சேத்து ஆள் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்கண்ணே."

அவ்வளவுதான். விலை போயிட்டா என்று சொன்ன வாயால் அதற்கு மேல் சொல்ல வராது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜனங்கள், ஆள் சொல்லிவிடட்டுமா என்றுதான் கேட்பார்கள். அவளுக்கு அது புரிந்தது. ஆனாலும் மாடிக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கலாம்.

மாதம் முடிந்தபோது அவளுடைய ஒப்பந்தத்தை ஆபீஸ் புதுப்பிக்கவில்லை. மேலிடத்து முடிவு என்றார்கள். கடைசி நாளில் அந்தச் சிறு நிரலை எடுத்துப் போட்டாள். குறிப்பை ஒரு காகிதத்தில் கையால் எழுதி மடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எடுத்துப் போட்டாள். அடுத்து வருகிறவருக்காக எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதி, மறைக்காமல், மேஜை மேலேயே வைத்தாள். டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இராஜாங்கம் வாசல்வரை வந்தார்.

யூனுஸின் போன் எண்ணைக் கமருன்னிஸாதான் அவர் உறவுக்காரர்கள் மூலமாக விசாரித்து வாங்கிக் கொடுத்தார். "என்ன விஷயம்மா அவன்கிட்ட?" என்று கேட்டார். "சும்மாதான்க்கா" என்றாள். மூன்று நாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை வெயிலில், முக்கால் ஏக்கரில் நட்டது வேர் பிடித்துப் பச்சை காட்டியிருந்தது. பக்கத்து வயலில் கடைசி நடவு. பொம்பளைகள் பாட்டும் சண்டையுமாக இருந்தார்கள். அவள் வரப்பில் உட்கார்ந்து கூப்பிட்டாள். நாலு தரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"பாய், நான் அம்சா பேசுறேன்."

"யாரு... அம்சாவா! அடேயப்பா, எத்தனை வருஷம் ஆச்சு! நல்லா இருக்கியா? என்ன திடீர்னு?"

அவள் எல்லாவற்றையும் சொல்லத்தான் கூப்பிட்டாள். மடித்த காகிதம் மடியில் இருந்தது. "பாய், ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒண்ணு... மெஷின் ஏறும்போது பழசைத் திரும்ப வைக்கிற மாதிரி நீங்க ஏதாவது செஞ்சு வச்சீங்களா?"

"என்ன கோப்பு?" சிரித்தார். "எனக்கு நேத்து செஞ்சதே ஞாபகம் இல்லை, நீ வேற. ஏன், எதாவது தொந்தரவு பண்ணுதா? என்னால உனக்குத் தலைவலி எதுவும் இல்லையே?"

வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் நிஜமாகவே பதறிப்போய்த்தான் கேட்டார். குரலில் அது தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. தம்மாமில் ஒரு மனுஷன் இன்றைக்குத் தூங்க மாட்டான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். அது பாட்டுக்கு நல்லா ஓடுது."

"அதானே. ஆமா, அங்க என்ன ஒரே பொம்பளைங்க சத்தம்? ஆபீஸ்ல நடவு நடுறீங்களா?"

"லீவு போட்டிருக்கேன் பாய்" என்றாள் அம்சவல்லி. "திங்கக்கிழமை போயிடுவேன்."